அலை எந்தப் பாடத்தில் வரும்?

கேரளப் பள்ளிகளில் உயர்நிலை வகுப்புகளில் அறிவியல் என்ற ஒரே பாடம் இயற்பியல், வேதியியல், உயிரியல் என மூன்றாகப் பிரிகிறது. கடலோ அம்மூன்றிலும் தனக்கென ஓர் இடம் பெறாமல், சமூக அறிவியலின் புவியியல் பகுதிக்குள் நீரோட்டங்களின் பெயர்களாகவும் நிலப்படத்தின் நீல நிறமாகவும் ஒதுங்கிவிடுகிறது. மேல்நிலை வகுப்புக்கு வந்ததும் இந்தப் பிரிவினை இன்னும் இறுகுகிறது. பதினோராம் வகுப்புக்கான தேசியப் பாடத்திட்டப் புவியியல் நூலில் பெருங்கடல் நீரைப் பற்றியும் அந்நீரின் இயக்கங்களைப் பற்றியும் இரண்டு அத்தியாயங்கள் உண்டு. அவற்றைப் படிப்பவர்கள் பெரும்பாலும் கலைப்பிரிவு மாணவர்கள். இயற்பியலும் வேதியியலும் உயிரியலும் எடுத்துப் படித்து, பின்னாளில் துறைமுகம் கட்டும் பொறியாளராகவோ மீன்வள ஆய்வாளராகவோ ஆகக்கூடிய மாணவர், பள்ளிப் படிப்பின் கடைசி இரண்டு ஆண்டுகளில் கடலை ஓர் அறிவியல் பொருளாக ஏறக்குறையச் சந்திக்காமலேயே வெளியேறிவிட முடிகிறது.

திருவனந்தபுரத்தில் இது மற்ற ஊர்களைவிடக் கூடுதலான விசித்திரம். வடக்கே காப்பில் முதல் தெற்கே தமிழக எல்லையை ஒட்டிய பொழியூர் வரை ஏறத்தாழ 78 கிலோமீட்டர் நீளும் இம்மாவட்டக் கரையில் அஞ்சுதெங்கு, மரியநாடு, தும்பா, வலியதுறை, பூந்துறை, விழிஞ்ஞம், புல்லுவிளை என்று மீனவ ஊர்கள் நெருங்கி அமைந்துள்ளன. அவற்றின் பள்ளிகள் பலவற்றில் மழைக்காலத்து அலையோசை வகுப்பறைக்குள்ளேயே கேட்கும். ஆய்வு நிறுவனங்களுக்கும் குறைவில்லை. ஆக்குளத்தில் தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையமும், விழிஞ்ஞத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கிளையும் அதன் ‘சாகரிகா’ மீன் காட்சியகமும், காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் நீர்வாழ் உயிரியல், மீன்வளத் துறையும் இயங்கி வருகின்றன. ஆயினும் இந்நகரத்து மாணவரிடம் அறிவியல் என்றதும் நினைவுக்கு வருவது ராக்கெட்தான். 1963 நவம்பர் 21 அன்று தும்பா என்ற மீனவ ஊரின் மணலிலிருந்து இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பியதும், அங்கிருந்த தேவாலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக இருப்பதும் பள்ளிச் சுற்றுலாக்களின் நிலையான பகுதிகள். அந்த ஏவுதளத்துக்கு வானிலை ஆய்வுக்கூடத்தை அமைத்துக் கொடுத்தவர் திருவிதாங்கூரில் பிறந்த அன்னா மாணி என்பதும், மேலே செல்லும் காற்றையும் கீழே கிடக்கும் கடலையும் ஒருசேர அறியாமல் பருவமழையைப் புரிந்துகொள்ள முடியாது என்பதும் அந்தச் சுற்றுலாவில் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை.

கடலைப் பள்ளி அறிவியலுக்குள் கொண்டுவர வேண்டும் என்ற முயற்சி உலகளவில் ஓர் இயக்கமாக உருப்பெற்றது இந்நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அமெரிக்காவில் 1996-இல் வெளியான தேசிய அறிவியல் கல்வித் தர வரையறைகளில் கடலுக்கு இடமே இல்லை என்று சொல்லத்தக்க நிலை இருந்தது. அதைக் கண்டு வருந்திய கடலாய்வாளர்களும் ஆசிரியர்களும் கூடிப் பேசி, 2005-இல் ‘கடலறிவு’ என்பதற்கு ஏழு அடிப்படைக் கோட்பாடுகளை வகுத்தனர். உலகில் உள்ளது ஒரே பெருங்கடல். வானிலையையும் காலநிலையையும் பெருமளவு தீர்மானிப்பது அது. மனிதனும் கடலும் பிரிக்க முடியாதபடி பிணைந்துள்ளனர். கடலின் பெரும்பகுதி இன்னும் ஆராயப்படவில்லை என்பன போன்றவை அவை. யுனெஸ்கோ இதே கருத்தை ஏற்று ஆசிரியர்களுக்கான கையேட்டை 2017-இல் வெளியிட்டது. 2021 முதல் 2030 வரையிலான பத்தாண்டை ஐக்கிய நாடுகள் அவை கடல் அறிவியலுக்கென ஒதுக்கியது. கோட்பாடுகளில் குறை காண முடியாது. ஆனால் ‘உலகில் உள்ளது ஒரே பெருங்கடல்’ என்ற வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த நாற்பது நிமிடங்களுக்கு என்ன செய்வது என்று ஒன்பதாம் வகுப்பு இயற்பியல் ஆசிரியர் கேட்டால், அந்த ஏழும் அவருக்கு அதிகம் உதவுவதில்லை. அவருக்குத் தேவை தம் பாடநூலின் ஒரு சூத்திரத்தையும் தம் ஊரின் ஒரு நிகழ்வையும் சேர்த்துக் கட்டும் முடிச்சு.

திருவனந்தபுரத்தில் அத்தகைய முடிச்சாக அமையக்கூடியவற்றுள் முதலிடம் கள்ளக்கடலுக்கே உரியது. வானம் தெளிந்திருக்கும், உள்ளூரில் காற்று வலுத்திராது, வானிலை அறிக்கையில் புயலின் பெயர் எதுவும் இராது. எனினும் கடல் திடீரென்று உயர்ந்து கரையைத் தாண்டி வீடுகளுக்குள் புகுந்துவிடும். கேரள மீனவர் வழங்கிய இப்பெயரையே யுனெஸ்கோ 2012-இல் அறிவியல் வழக்கிற்கு ஏற்றுக்கொண்டது. 2005 மே மாதம் தென்கேரளக் கரையைத் தாக்கிய கள்ளக்கடலைத் திருவனந்தபுரத்தின் புவி அறிவியல் மையத்து ஆய்வாளர்கள் விரிவாக ஆராய்ந்தனர். 2024 மார்ச் 31 அன்று பூந்துறை, பொழியூர் உள்ளிட்ட கரைகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்தபோது, அதன் காரணம் தென் அட்லாண்டிக்கிலிருந்து இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்கு நகர்ந்து வந்த ஒரு காற்றழுத்தத் தாழ்வு என்று ஹைதராபாத்தில் உள்ள, பெருங்கடல் தகவல் சேவைக்கான இந்தியத் தேசிய மையம், சுருக்கமாக இன்காய்ஸ், விளக்கியது. அதாவது பொழியூர்க்காரரின் அடுக்களைக்குள் வந்த நீரைத் தள்ளிவிட்ட காற்று, அதற்குப் பல நாள் முன்பு, அண்டார்க்டிகாவை நோக்கிய ஆளில்லாத கடல்வெளியில் வீசி ஓய்ந்த காற்று.

இதை விளங்கிக்கொள்ள உயர்நிலைப் பள்ளி இயற்பியலே போதுமானது. அலையின் திசைவேகம் அதன் அதிர்வெண்ணையும் அலைநீளத்தையும் பெருக்கினால் கிடைக்கும் என்பதை மாணவர் ஒலியலைகளைக் கொண்டு கற்கின்றனர். அங்கே எல்லா ஒலிகளும் ஒரே வேகத்தில் செல்வதால் கதை அத்துடன் முடிந்துவிடுகிறது. கடலலை அப்படியன்று. ஆழ்கடலில் அலையின் வேகம், ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே கழியும் நேரமாகிய அலைவு நேரத்தைப் பொறுத்தது. அலைவு நேரத்தை நொடிகளில் எடுத்துக்கொண்டு 1.56-ஆல் பெருக்கினால், நொடிக்கு எத்தனை மீட்டர் என்ற வேகம் கிடைக்கும். அலைவு நேரம் 18 நொடியாக இருக்கும் நீண்ட அலையின் முகடு இவ்வாறு நொடிக்கு 28 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஆனால் அலைக்கூட்டம் சுமந்துவரும் ஆற்றல் அதில் பாதி வேகத்தில்தான் நகரும் என்பதால், 6,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புயல் மண்டலத்திலிருந்து அது கேரளக் கரையை அடைய ஏறத்தாழ 5 நாள் ஆகும். அதே புயலில் பிறந்த, 12 நொடி அலைவு நேரமுள்ள அலைக்கூட்டம் வந்து சேர ஏழு நாளைத் தாண்டிவிடும். ஆகவே ஒரே இடத்தில் ஒரே நாளில் பிறந்த அலைகள் வழியிலேயே பிரிந்து வரிசைப்பட்டு, நீண்டவை முன்னும் குறுகியவை பின்னுமாக வருகின்றன. வரும் நேர இடைவெளிகளைக் குறித்துவைத்தாலே புயல் எவ்வளவு தொலைவில் அடித்தது என்பதைக் கணக்கிட்டுவிடலாம். அமெரிக்கக் கடலியலாளர் வால்டர் மங்க் 1950-களில் மெக்ஸிகோவின் குவாடலூப் தீவில் பதிவான அலைகளை இம்முறையில் ஆராய்ந்து, அவற்றுள் சில பூமியின் மறுபுறத்தில் உள்ள இந்தியப் பெருங்கடலில் பிறந்தவை என்று கண்டறிந்தார்.

நீண்ட அலை கரையில் ஏன் அவ்வளவு சேதம் விளைவிக்கிறது என்பதும் அதே கணக்கின் தொடர்ச்சி. அலைநீளத்தில் பாதியளவு ஆழத்துக்கு வந்ததும் அலை கடலின் அடித்தளத்தை உணரத் தொடங்குகிறது. ஆறு நொடி அலை 28 மீட்டர் ஆழத்தில்தான் அடித்தளத்தை உணரும், 18 நொடி அலையோ 250 மீட்டர் ஆழத்திலேயே உணர்ந்துவிடும். அதன்பின் அதன் வேகம் குறையக் குறைய உயரம் கூடுகிறது. பின்னால் வருபவை முன்னால் நிற்பவற்றின் மீது நெருக்கி, கரையோர நீர்மட்டத்தையே உயர்த்திவிடுகின்றன. அந்நேரம் ஓதமும் சேர்ந்துகொண்டால் நீர் வீதிக்கு வருகிறது. திருவனந்தபுரத்தில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் இங்குள்ளவர்கள் ஓதத்தைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. அந்தச் சிறிய அளவே கள்ளக்கடல் நாளில் வாசற்படியைத் தாண்டுவதையும் தாண்டாமல் நிற்பதையும் தீர்மானிக்கிறது.

சில கள்ளக்கடல் நிகழ்வுகளில் கடல் முதலில் பின்வாங்குவதுண்டு. 2004-க்குப் பிறகு பிறந்த தலைமுறையும் அதைக் கண்டு சுனாமி என்று கலங்குகிறது. சுனாமியில் மேற்பரப்பு மட்டுமின்றி அடித்தளம் வரையிலான முழு நீரும் நகர்கிறது, அதன் வேகத்தைக் கடலின் ஆழம் தீர்மானிக்கிறது, 4,000 மீட்டர் ஆழத்தில் அது மணிக்கு 700 கிலோமீட்டரை எட்டுகிறது என்பதைப் பக்கத்திலேயே வைத்துக் காட்டினால், சுனாமிக்குச் சில மணி நேரமும் கள்ளக்கடலுக்குச் சில நாளும் முன்னெச்சரிக்கை கிடைப்பதன் காரணம் தானே தெளிவாகிவிடும். 2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்தின் புக்கெட் தீவில் கடல் நுரைத்துப் பின்வாங்கியதைக் கண்டு, இரண்டு வாரம் முன்பு புவியியல் வகுப்பில் கேட்டதை நினைவுகூர்ந்து, கடற்கரையில் இருந்தவர்களை வெளியேறச் செய்த பத்து வயது பிரித்தானியச் சிறுமி டில்லி ஸ்மித் பெற்றிருந்தது இவ்வளவு எளிய ஒரு பாடத்தைத்தான்.

அலைகளைப் பற்றிப் பேசும்போது விழிஞ்ஞத்தின் அலை மின்நிலையத்தைக் குறிப்பிடாமல் விட முடியாது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பொறியாளர்கள் வடிவமைத்து 1991-இல் இயக்கத்துக்கு வந்த 150 கிலோவாட் திறனுள்ள இந்நிலையம், மீன்பிடித் துறைமுகத்தின் அலைத்தடுப்பை ஒட்டிக் கடலில் இறக்கப்பட்ட ஒரு காங்கிரீட் கூடு. உள்ளே அலை ஏறும்போது அடைபட்ட காற்று மேலே தள்ளப்படும், இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும், காற்று எத்திசையில் வீசினாலும் ஒரே திசையில் சுழலும் வெல்ஸ் சுழலி மின்னாக்கியை இயக்கும். கடல்நீரை நன்னீராக்கும் சோதனைக்கும் பின்னாளில் பயன்பட்ட இந்நிலையம் நிலைத்து நிற்கவில்லை. மழைக்காலத்தில் மிகுந்தும் மற்ற மாதங்களில் குன்றியும் வரும் அலையாற்றலைக் கொண்டு சீரான மின்சாரம் எடுப்பது கடினம் என்ற பாடம், வெற்றி பெற்ற எந்தத் திட்டமும் தர முடியாத அளவுக்கு நல்ல பாடம். பள்ளி நூல்கள் தோல்விகளை விரும்புவதில்லை என்பதால் அது விடுபட்டுப்போகிறது.

வேதியியலுக்கான பாடப்பொருள் அண்மையில் ஒரு விபத்தின் வடிவில் வந்தது. விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குச் சென்ற ‘எம்.எஸ்.சி. எல்சா 3’ என்ற சரக்குக் கப்பல் 2025 மே 24 அன்று சாய்ந்து மறுநாள் கொச்சிக்கு அப்பால் மூழ்கியது. அதில் இருந்த 640 கொள்கலன்களுள் 13-இல் ஆபத்தான சரக்கும், அவற்றைத் தவிர 12-இல் கால்சியம் கார்பைடும் இருந்ததாக அறிவிக்கப்பட்டது. கால்சியம் கார்பைடு நீரைத் தொட்டதும் அசிட்டிலீன் என்ற எரிவாயுவும் கால்சியம் ஹைட்ராக்சைடும் உண்டாகும். கரையொதுங்கும் கொள்கலனை எவரும் நெருங்க வேண்டாம் என்ற எச்சரிக்கைக்குப் பின்னே இருந்தது, வேதியியல் மாணவர் சமன்படுத்தப் பழகும் சமன்பாடுகளைப் போன்ற எளிய சமன்பாடு ஒன்றே. சில நாளில் நெல்மணி அளவிலான வெண்ணிறப் பிளாஸ்டிக் குருணைகள் மூட்டை மூட்டையாகத் திருவனந்தபுரத்துக் கரைகளில் ஒதுங்கத் தொடங்கின. பாலித்தீனின் அடர்த்தி நீரைவிடக் குறைவு என்பதால் அவை மிதந்தன. மேற்குக் கரையோர நீரோட்டம் தென்மேற்குப் பருவக்காலத்தில் தெற்கு நோக்கியும் குளிர்காலத்தில் வடக்கு நோக்கியும் ஓடும் இயல்புடையது என்பதால், கொச்சிக்கு அப்பால் சிந்தியவை திருவனந்தபுரம் நோக்கி வந்தன. அதே கப்பல் ஜனவரியில் மூழ்கியிருந்தால் குருணைகள் பெரும்பாலும் வேறு திசையில் போயிருக்கும். 2021-இல் கொழும்புக்கு அருகே எரிந்து மூழ்கிய ‘எக்ஸ்பிரஸ் பேர்ல்’ கப்பலிலிருந்து 1,600 டன்னுக்கு மேற்பட்ட இத்தகைய குருணைகள் சிந்தி இலங்கைக் கரையை மூடியதையும் இதனுடன் வைத்துப் படிக்கலாம். கேரளப் பள்ளிகள் 2025 ஜூன் 2 அன்று திறந்தன. அடர்த்தி, வேதிவினை, நீரோட்டம், உணவுச்சங்கிலி ஆகிய நான்கையும் ஒரே நிகழ்வில் காட்டக்கூடிய பொருள் பள்ளி திறந்த வாரத்தில் கடற்கரை நெடுகக் கிடந்தது.

உயிரியலுக்கு வந்தால் சாளை மீனைவிட நல்ல தொடக்கம் இல்லை. தமிழகத்தில் மத்தி என்றும் வழங்கும் இம்மீன் ஏழை வீட்டின் அன்றாடக் குழம்பு என்பதால், அதன் வரத்து குறைந்தால் கதை எல்லார் வீட்டுக்கும் தெரியும். 2012-இல் கேரளத்தில் ஏறத்தாழ 3.9 லட்சம் டன் பிடிபட்ட சாளை 2021-இல் வெறும் 3,297 டன்னாகச் சரிந்தது என்று மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கணக்கிட்டது. பின்னர் அது மீண்டு எழுந்தது. இந்த ஏற்றத்தாழ்வை மிகைப்பிடிப்பு என்ற ஒற்றைக் காரணத்தில் அடக்கிவிட முடியாது. தென்மேற்குப் பருவக்காலத்தில் கரைக்கு இணையாகத் தெற்கு நோக்கி வீசும் காற்று, பூமியின் சுழற்சியால் ஏற்படும் கொரியோலிஸ் விளைவின் காரணமாக மேற்பரப்பு நீரைத் தன் வலப்பக்கம், அதாவது கரையிலிருந்து விலகும் திசையில் தள்ளுகிறது. அந்த வெற்றிடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலெழுகிறது. இறந்த உயிரினங்களின் எச்சங்கள் மட்கிச் சேர்ந்த நைட்ரேட், பாஸ்பேட் சத்துகளை அந்நீர் ஒளி படும் மேல்மட்டத்துக்குக் கொண்டுவர, கண்ணுக்குத் தெரியாத தாவர மிதவை உயிரிகள் பெருகுகின்றன. அவற்றை உண்டு சாளை கொழுக்கிறது. காற்றின் வலுவோ நீரின் வெப்பமோ மாறும் ஆண்டில் இந்த ஏற்பாடு முழுவதும் தடுமாறும். மழைக்காலத்தில் விழிஞ்ஞத்தில் பிற ஊர்ப் படகுகளும் குவிவதற்கு அதன் பாதுகாப்பான துறைமுகம் ஒரு காரணமென்றால், மேலெழும் இந்நீர் மற்றொரு காரணம். அதே பருவத்தில்தான் கேரளத்தில் 52 நாள் இழுவைப்படகுத் தடையும் நடப்பில் இருக்கிறது; தமிழகத்தின் கிழக்குக் கரையிலோ தடைக்காலம் ஏப்ரல் நடுவில் தொடங்கி ஜூன் நடுவில் முடிந்துவிடுகிறது. கடல் ஒன்றேயாயினும் அதன் நாட்காட்டி கரைக்குக் கரை வேறு.

கரைமக்களின் கடலறிவைப் பள்ளிக்குள் அழைப்பதா, அழைத்தால் எவ்வளவு தூரம் என்ற கேள்வி இங்கு எழாமல் இராது. திருவனந்தபுரத்து மீனவர் கடலடிப் பாறைத்திட்டுகளைப் ‘பார்’ என்பர். கரையே தெரியாதோ என்று தோன்றும் தொலைவில், நீருக்கடியில் மறைந்து கிடக்கும் ஒரு பாரின் மீது படகைச் சரியாக நிறுத்த அவர்கள் கையாளும் முறைக்குக் கணிச்சம் என்று பெயர். கரையருகே உள்ள தேவாலயக் கோபுரமும் அதற்குப் பின்னே அகத்தியமலைத் தொடரின் ஒரு முடியும் ஒரே கோட்டில் வரும்படியும், வேறொரு திசையில் மற்றோர் இணை அடையாளங்கள் ஒரே கோட்டில் வரும்படியும் படகைக் கொண்டுசென்றால், இரு கோடுகளும் வெட்டும் புள்ளியே அந்தப் பார். இது முக்கோண அளவீட்டின் வடிவம் என்பதைக் கணித ஆசிரியர் அரைமணி நேரத்தில் நிறுவிக் காட்டலாம். அருகிலுள்ள பொருள் நகர்வதுபோலவும் தொலைவிலுள்ளது நிலைத்திருப்பதுபோலவும் தோன்றும் இடமாறு தோற்றத்தை இயற்பியல் ஆசிரியர் அதே படத்திலிருந்து தொடங்கலாம். இப்பார்களையும் அவற்றின் உயிரினங்களையும் கடலுக்குள் மூழ்கிப் படம்பிடித்து, மீனவரின் அறிவோடு சேர்த்து ஆவணப்படுத்தி வருபவர்களுள் திருவனந்தபுரத்தைச் சேர்ந்த ராபர்ட் பனிப்பிள்ளை குறிப்பிடத்தக்கவர். ஆனால் எல்லா மரபறிவும் பிழையற்றது என்று வகுப்பில் சொல்லிவிடுவது அந்த அறிவுக்கே செய்யும் அவமதிப்பு, ஏனெனில் அது தலைமுறை தலைமுறையாகச் சோதித்துத் திருத்தப்பட்டே வந்திருக்கிறது.

மரபறிவின் எல்லையையும் வானிலை அறிவிப்பின் எல்லையையும் ஒருங்கே காட்டியது 2017-இன் ஒக்கிப் புயல். நவம்பர் 29 அன்று தாழ்வு மண்டலமாக உருவாகி மறுநாள் காலையிலேயே குமரிக்கடலில் புயலாக மாறிய அதன் வேகத்தில், ஏற்கெனவே கடலுக்குள் சென்றுவிட்டிருந்த திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்டங்களின் மீனவர் நூற்றுக்கணக்கில் மாண்டனர், காணாமற்போயினர். எச்சரிக்கை எப்போது வந்தது, அது யாரை எட்டியது, எட்டியவர் அதை எப்படிப் புரிந்துகொண்டார் என்ற வினாக்கள் அதன்பின் பல ஆண்டு பேசப்பட்டன. வானிலை முன்னறிவிப்பை மீனவர் மொழியிலேயே கரைக்குக் கொண்டுசெல்ல முயன்ற ‘ரேடியோ மன்சூன்’ போன்ற முயற்சிகள் இதே கரையில் நடந்துள்ளன. காற்றின் வேகம் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் என்று ஓர் அறிவிப்பு சொல்லும்போது அது எந்த உயரத்தில் அளந்த சராசரி, அதற்குள் சூறைக்காற்று எவ்வளவு கூடும், முன்னறிவிப்பில் நிகழ்தகவு என்ன பொருளில் வருகிறது என்பனவற்றை அறிந்த மாணவர் ஒருவர் வீட்டில் இருப்பது, மீனவக் குடும்பத்துக்கு எந்தக் கருவிக்கும் குறையாத பயன். இதைச் சொல்லும்போது மீனவப் பெற்றோர் பலர் தம் பிள்ளைகள் கடலை விட்டு வெளியேறவே படிக்க வேண்டுமென்று விரும்புகிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. அந்த விருப்பத்தில் தவறில்லை. வலியதுறையில் இருப்பதுபோன்ற மண்டல மீன்வளத் தொழில்நுட்பப் பள்ளிகள் மீனவப் பிள்ளைகளை மனத்தில் வைத்தே தொடங்கப்பட்டவை. கடலறிவு அப்பள்ளிகளின் தனிச்சொத்தாக ஒதுக்கப்படுவதைவிட, நகரின் உட்பகுதியான கவடியாரில் படிக்கும் மருத்துவர் வீட்டுப் பிள்ளைக்கும் அது பொதுவாக்கப்படுவதே முறை.

கரையரிப்பு இப்பாடங்களுள் மிகச் சிக்கலானது, ஏனெனில் அதில் அறிவியலோடு வழக்கும் போராட்டமும் கலந்துள்ளன. சங்குமுகத்தின் மணற்பரப்பு மழைக்காலத்தில் அரிபடுவதும் பின்னர் ஓரளவு திரும்புவதும் பழைய சுழற்சி. கடந்த சில ஆண்டுகளில் திரும்புவது குறைந்து, கடற்கரைச் சாலையே சேதமடைந்தது. 1956-இல் திறக்கப்பட்ட வலியதுறைக் கடற்பாலம் 2021-இல் அலைகளால் தாழ்ந்து, 2024-இல் முறிந்தது. அலை கரையைச் சாய்வாக வந்து மோதும்போது மணல் கரையை ஒட்டி நகர்கிறது. புலிமுட்டு என்று இங்கு வழங்கும் கல்தடுப்பைக் குறுக்கே கட்டினால் ஒருபுறம் மணல் சேர்ந்து மறுபுறம் குறையும் என்பது எந்த அணியும் மறுக்காத இயற்பியல். முதலப்பொழியில் துறைமுக வாயிலில் மணல் சேர்ந்து படகுகள் கவிழ்ந்து உயிர்கள் போவதும் இதே நகர்வின் விளைவு. 2015 டிசம்பரில் கட்டுமானம் தொடங்கி, 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட விழிஞ்ஞம் பன்னாட்டுத் துறைமுகம் வடக்கே உள்ள கரைகளின் அரிப்பில் எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பதே 2022-இல் மாதக்கணக்கில் நடந்த மீனவர் போராட்டத்தின் மையக் கேள்வி. இதை ஆசிரியர்கள் தவிர்க்கின்றனர். காரணம் எவருக்கும் விளங்கும். ஆனால் புயல்கள், கடல்மட்ட உயர்வு, ஆற்று மணல் வரத்து குறைவது, கல்தடுப்புகள் என்ற பல காரணங்களுள் ஒவ்வொன்றின் பங்கையும் பிரித்தறிய எத்தகைய அளவீடு, எத்தனை ஆண்டுக்கு, கரையின் எந்தெந்த இடத்தில் வேண்டும் என்று கேட்பதற்கு எந்த அணியிலும் சேர வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் மாறாக, பள்ளிகளில் கடல் தலைகாட்டும் நாள் பெரும்பாலும் ஜூன் 8 ஆகிய உலகக் கடல் நாளாகவே இருக்கிறது; அன்று திமிங்கிலம் வரைந்த சுவரொட்டிகளும் கடற்கரைத் தூய்மைப் பணியும் நடக்கும். அவை நல்ல செயல்கள்; அறிவியல் கற்பித்தல் அல்ல. கடலுக்காக இரங்குவதைக் கற்பித்துவிட்டுக் கடல் எப்படி இயங்குகிறது என்பதைக் கற்பிக்காமல் விடும் இப்பழக்கம், பூமியில் சேரும் மிகைவெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் கடல்தான் உள்வாங்குகிறது என்ற உண்மையைக்கூட ஒரு முழக்கமாக ஆக்கிவிடுகிறது. நீரின் வெப்ப ஏற்புத்திறன் காற்றைவிட எவ்வளவு மிகுதி என்று கணக்கிட்டு, கடலின் மேலே உள்ள இரண்டரை மீட்டர் நீரை ஒரு பாகை சூடாக்கத் தேவைப்படும் வெப்பம் வளிமண்டலம் முழுவதையும் ஒரு பாகை சூடாக்கத் தேவைப்படும் வெப்பத்துக்கு ஈடானது என்ற முடிவுக்கு மாணவரே வந்துசேரும்போதுதான் அது அறிவாகிறது.

கேரளத்தின் புதிய பாடநூல்கள் 2024-இலும் 2025-இலும் இரு கட்டமாக வெளிவந்துவிட்டதால் அடுத்த திருத்தத்துக்குச் சில ஆண்டு காத்திருக்க வேண்டும். அதுவரை இடம் தரக்கூடியது தொடர் மதிப்பீடுதான். பத்தாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஒவ்வொன்றுக்கும் உரிய 50 மதிப்பெண்ணில் 10 அதற்கு ஒதுக்கப்பட்டுள்ளது. அந்தப் பத்துக்குள் செய்யத்தக்க பணிகளுள் கடற்கரையின் சாய்வை மாதந்தோறும் அளப்பது எளியது. அமெரிக்கக் கடல் நிலவியலாளர் எமரி 1961-இல் விளக்கிய முறைக்கு ஒரே உயரமுள்ள, அளவு குறித்த இரண்டு கம்புகளும் அவற்றை இணைக்கும் ஒரு கயிறும் போதும். ஒரு கம்பை மேட்டிலும் மற்றதை நீர்ப்பக்கமாகவும் நிறுத்தி, கீழேயுள்ள கம்பின் நுனியும் தொடுவானமும் ஒரே நேர்கோட்டில் தெரியும்படி மேட்டுக் கம்பின் வழியே பார்த்தால், பார்வைக்கோடு அக்கம்பை அதன் நுனியிலிருந்து எவ்வளவு கீழே வெட்டுகிறதோ அவ்வளவே நிலத்தின் சரிவு. விலையுயர்ந்த மட்டமானியின் வேலையைத் தொடுவானமே செய்துவிடுகிறது. ஒரே இடத்தில் இப்படிப் பல ஆண்டு எடுத்த அளவுகள் ஆய்வாளருக்கும் பயன்படும். இடையூறு ஒன்று உண்டு: கரை பொதுவாக மிக அகன்றிருப்பது மழைக்கு முந்தைய ஏப்ரல், மே மாதங்களில், அப்போது பள்ளிக்கு விடுமுறை. ஜூனில் பள்ளி திறக்கும்போது அலை உயர்ந்து, மாணவரை நீர்விளிம்புக்கு அனுப்ப முடியாத காலம் தொடங்கிவிடுகிறது. ஆகவே மார்ச் மாதத் தேர்வுகளுக்கு நடுவே ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி எடுக்கும் அளவையே அகன்ற கரைக்கான அளவாகக் கொண்டு, செப்டம்பரில் எடுக்கும் அளவோடு ஒப்பிட வேண்டியிருக்கும்.